குடைகள் கோலாலம்பூரில், நாங்கள் ஹோய் ஆனில்

முதல் நாள், வெள்ளி இரவு – கோலாலம்பூர் விமான நிலையம்

இந்நேரம் நாங்கள் வியட்நாமின் தா நாங் நகரில், கடலைப் பார்த்த அறையில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலிகளில் ஒரு பத்து வயது உடம்பை எப்படிப் படுக்கவைப்பது என்று மகன் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறான். மகளுக்கு வயது பதினைந்து. அவள் எங்களைத் தெரியாதவள் போல நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

திட்டம் போட்டது நான். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்டேன். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் விலை அதிகம் என்று கோலாலம்பூர் வரை ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து தா நாங்குக்கு இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாக எடுத்தேன். மிச்சம் பிடித்த தொகையை வீட்டில் எல்லோரிடமும் இரண்டு முறை சொன்னேன். தனித்தனி டிக்கெட் என்றால் என்ன பொருள் என்பது இன்று மாலைதான் விளங்கியது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் கணக்கில் நாம் வராத பயணிகள், அவ்வளவுதான். பெட்டிகளும் தாமாக மாறிப் போகாது. குடியேற்றச் சோதனை முடித்து, மலேசியாவுக்குள் முறைப்படி நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும்.

நான்கு மணி நேர இடைவெளி விட்டிருந்தேன். முதல் விமானம் இரண்டே முக்கால் மணி நேரம் தாமதம். இறங்கியது முதல் முனையத்தில், அடுத்த விமானம் புறப்படுவது இரண்டாம் முனையத்தில். நடுவே ஒரு ரயில், மூன்றே நிமிடப் பயணம். ரயில் எங்களைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தது மின்னணு வருகை அட்டை. நாட்டுக்குள் நுழைய அதை நிரப்பியிருக்க வேண்டும். நாங்கள் ஊருக்குள் போகப்போவதில்லையே என்று நான் விட்டுவிட்டேன். வரிசையில் நின்றபடி, ஒரே கைப்பேசியில், ஐந்து பேருக்கு நிரப்பினோம். அத்தையின் பாஸ்போர்ட் எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். கவுண்டரை அடைந்தபோது அதை மூடிப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

நாளைக் காலை விமானத்துக்குப் புது டிக்கெட் எடுத்தாயிற்று. மிச்சம் பிடித்ததுபோல் இரண்டு பங்கு போயிற்று. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

அத்தை மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். “மூன்று மாதமாக நீ தூங்கவில்லை. இன்றைக்குத்தான் செய்வதற்கு ஒன்றும் இல்லையே, தூங்கு” என்றார்.

இரண்டாம் நாள், சனி – தா நாங்

வந்து சேர்ந்தோம். ஐந்து பேர், நான்கு பெட்டிகள்.

ஐந்தாவது பெட்டி கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டதாகக் கவுண்டர் பெண் கணினியில் பார்த்துச் சொன்னார். அத்தையின் மாற்றுத் துணி, அவருடைய ரத்த அழுத்த மாத்திரைகள், எங்கள் ஐந்து பேரின் குடைகள், மழை அங்கிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அடுக்கியதும் நான்தான்.

தெரியாதவர்களுக்காக ஒன்று. பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே புகார் எழுதி, எண் போட்ட சீட்டை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் பிறகு பேசுவது சுவரோடு பேசுவதுதான். அவசரத்துக்கு வாங்கும் துணிமணிக்கு ரசீது வைத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு இழப்பீடு கேட்பதானால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாள் கழித்தும் வராவிட்டால் தொலைந்ததாகவே கொள்ளலாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் படித்தேன் என்றேனே. மாத்திரையைக் கைப்பையில் வை என்பதும் அதே பக்கத்தில் இருந்திருக்கும்.

மருந்துக்கடையில் பச்சைச் சிலுவை எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு வியட்நாமிய மொழி தெரியாது, கடைக்காரருக்கு எங்கள் மொழி தெரியாது. மகன்தான் காப்பாற்றினான். பாட்டி மாத்திரை போடுவதை என்றைக்கோ வேடிக்கையாகப் படமெடுத்து வைத்திருந்தான். அட்டையின் பின்பக்கம் தெரிந்தது. அதில் நிறுவனம் வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம். நிறுவனத்தின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மருந்தின் பெயர் மாறுவதில்லை. கடைக்காரர் தலையாட்டிவிட்டு எடுத்துவந்தார்.

இரவு டிராகன் பாலம் பார்க்கப் போனோம். 666 மீட்டர் நீளம், 2013-இல் திறந்தது. வார இறுதி இரவுகளில் ஒன்பது மணிக்கு டிராகன் நெருப்பை உமிழும், பிறகு தண்ணீரைப் பீய்ச்சும். எட்டே முக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டது. நெருப்புக்குக் கூட்டம் கைதட்டியது. தண்ணீர் வந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு – பா நா மலை

தங்கப் பாலத்தின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. மலைச்சரிவிலிருந்து இரண்டு ராட்சதக் கைகள் எழுந்து ஒரு பொன்னிறப் பாலத்தைத் தாங்கி நிற்கும். 2018-இல் கட்டியது. பாசி படிந்த பழங்காலக் கல்போலத் தெரிகிற அந்தக் கைகள் உண்மையில் கம்பிவலையும் கண்ணாடியிழையும். பாலம் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இந்த மாதத்தில் என்ன இருக்கும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். மேகம்தான் இருக்கும்.

கேபிள் கார் மேகத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்தன. பாலத்தில் இறங்கி நடந்தோம். முன்னால் போகிறவரின் முதுகு தெரிந்தது. அவருக்கு முன்னால் ஒன்றுமில்லை. நடுப்பகுதிக்கு வந்தபோது மகன் “அம்மா, விரல்!” என்று கத்தினான். ஒரு விரல்நுனி வெள்ளையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. ஆளுக்கு ஒன்பது லட்சம் டோங்குக்குக் குறையாத நுழைவுக்கட்டணத்தில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு விரல்தான்.

டோங் கணக்கு இன்னொரு தொல்லை. 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம்தான். இறங்கி வந்து இளநீர் வாங்கிய இடத்தில் என் கணவர் இருபதாயிரம் என்று நினைத்து ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். விற்ற அம்மாள் மழையில் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நோட்டைக் கையில் திணித்தார். திட்டவும் செய்தார். மொழி தெரியாவிட்டாலும் திட்டு புரிந்தது. அதற்குப் பிறகு பணப்பை மகளிடம் போய்விட்டது.

இரவு வானிலை வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று மாதத்தில் முதல் முறை. ‘வியட்நாமில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு’ என்று எங்கோ படித்து, அக்டோபர் கடைசி என்றால் ஏறக்குறைய அதுதானே, டிக்கெட்டும் மலிவு என்று முடிவு கட்டியிருந்தேன். அந்தக் கணக்கு தெற்குக்கும் வடக்குக்கும் பொருந்தும். நடுக் கடற்கரைக்குப் பொருந்தாது. வடகிழக்குக் காற்று கடல் ஈரத்தைக் கொண்டுவந்து ட்ருவோங் சோன் மலைத்தொடரில் முட்டி, மொத்தத்தையும் இங்கேயே கொட்டுகிறது. செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை மழை. அக்டோபரும் நவம்பரும் உச்சம். டிக்கெட் ஏன் மலிவு என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான்காம் நாள், திங்கள் – ஹோய் ஆன்

தா நாங்கிலிருந்து முப்பது கிலோமீட்டர். இந்தப் பயணத்தையே இந்த ஊருக்காகத்தான் போட்டேன். நாளை சந்திர மாதத்தின் பதினான்காம் இரவு. ஒவ்வொரு மாதமும் இந்த இரவில் பழைய நகரத்தின் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, பட்டு லாந்தர்களின் வெளிச்சத்தில் ஊரை விட்டுவிடுவார்கள். அந்தத் தேதியை நடுவில் நிறுத்தித்தான் மற்ற நாட்களை இரண்டு பக்கமும் அடுக்கினேன்.

மதியம் மழை நின்றிருந்தது. மஞ்சள் சுவர் வீடுகள், ஓட்டுக்கூரைகள், 20,000 நோட்டில் இருக்கிற அந்த ஜப்பானியப் பாலம். பாலத்தின் ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மறுமுனையில் நாய்கள். மகள் நோட்டை எடுத்துப் பாலத்தோடு ஒப்பிட்டுவிட்டு, “அப்பா, இதுதான் இருபதாயிரம்” என்று அவரிடம் நீட்டினாள். மூன்று நாளில் முதல் முறையாக ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

அத்தைக்கும் ஒரு சொல் கிடைத்துவிட்டது. இங்கே சைவ உணவுக்கு ‘சாய்’ என்று பெயர். பௌர்ணமியிலும் அமாவாசையை ஒட்டிய முதல் நாளிலும் பலர் சாய்தான் சாப்பிடுவார்களாம். கடைக்குக் கடை வாசலில் நின்று “சாய்?” என்று தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்கிறார். புரிந்துகொள்கிறார்கள்.

மாலையில் ஒன்று கவனித்தேன். தூ போன் ஆற்றங்கரையில் நாற்காலிகளை எடுத்து உள்ளே வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்களை ஓட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போகிறார்கள். கம்பத்து ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. யாரிடமும் பதற்றம் இல்லை. நாளைய விழாவுக்கான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய் – அதே இடம், மாடியில்

விழா ஏற்பாடு இல்லை.

காலை ஐந்தரைக்கு விடுதியில் வேலை செய்யும் பெண் கதவைத் தட்டினாள். மலையில் இரவெல்லாம் மழை, மேலே உள்ள அணைகளிலும் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், ஆறு தெருவுக்கு வருகிறது, கீழ் அறையிலிருந்து மாடிக்கு வாருங்கள் என்றாள். ‘வருகிறது’ என்று விருந்தாளியைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஜன்னலைத் திறந்தேன். தெருவில் பழுப்புத் தண்ணீர் சத்தமே இல்லாமல் வாசல் வரை வந்திருந்தது.

விடுதி என்பது பழைய மர வீடு. உரிமையாளர் ஒரு பாட்டி. முன்கூடத்தில் லாந்தர் கடை. கூடத்தின் மேற்கூரையில் ஒரு சதுரத் திறப்பு இருந்தது. முந்தைய நாள் பார்த்துவிட்டு, காற்றோட்டத்துக்கு என்று நான் மகனுக்கு விளக்கம்கூடச் சொல்லியிருந்தேன். பாட்டி அதன் மரப்பலகையை நீக்கி, கயிறும் கப்பியும் மாட்டினார். சரக்கை மாடிக்கு ஏற்றும் வழி அது. ஆற்றோரத்து வணிக வீடுகளை வெள்ளத்தை எண்ணியே இப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

நாங்களும் வரிசையில் நின்றோம். கீழே முழங்கால் தண்ணீரில் என் கணவரும் அந்தப் பெண்ணும், கயிற்றில் மகள், மேலே திறப்பின் ஓரம் நானும் மகனும். அரிசி மூட்டை, சாமி மாடம், தையல் மிஷின், பிறகு லாந்தர்கள். மூங்கில் சட்டமும் பட்டும். விளக்காகப் பார்க்கிறபோது தெரியாது, நடுக்கம்பை இழுத்தால் ஹோய் ஆன் லாந்தர் குடைபோல மடங்கிவிடும். ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினோம். இருநூற்றுப் பதினேழு. எண்ணியது மகன். சிவப்பு, ஊதா, இலைப்பச்சை, எலுமிச்சை மஞ்சள். விரல்களில் பட்டின் ஈர வாசனை இன்னும் இருக்கிறது.

விடுதிப் பாட்டியை ‘பா’ என்று கூப்பிட வேண்டும் என்று அந்தப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாட்டி என்று பொருள். முறை வைத்து அழைக்காமல் இங்கே பேச்சே நகராதுபோல. அத்தையும் ‘பா’ ஆனார். இரண்டு பாட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் மொழியில் பேசிக்கொண்டே லாந்தர் கம்புகளைத் துணியால் துடைத்தார்கள். எதைப் பற்றிப் பேசினார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். “மருமகள்களைப் பற்றி” என்றார். கேலியா உண்மையா தெரியவில்லை.

மதியம் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். படிக்கட்டில் மகன் பென்சிலால் மணிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தான். ஆறாவது படி, ஏழாவது படி. கூடத்துச் சுவரிலும் பழைய கோடுகள் உண்டு, பக்கத்தில் ஆண்டு எழுதியிருக்கும். 1999 என்று ஒன்று, என் தலைக்கு மேலே. 1964 என்று ஒன்று, அதற்கும் மேலே. இன்றைய தண்ணீருக்கு எங்கே கோடு போடுவீர்கள் என்று மகன் அந்தப் பெண்ணைக் கேட்டான். அவள் பாட்டியிடம் கேட்டாள். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கையை ஒரு உதறு உதறினார். இதற்கெல்லாம் கோடு கிடையாதாம்.

இரவு. ஊர் முழுக்க விளக்கு அணைந்திருக்கிறது, நான் ஆசைப்பட்டபடியே. மேகத்துக்குப் பின்னால் எங்கோ நிலா. பா ஒரே ஒரு லாந்தரை விரித்து, உள்ளே பேட்டரி விளக்கை வைத்து, ஜன்னலில் மாட்டினார். எதிர்வீட்டு மாடியிலும் ஒன்று எரிந்தது. கீழே தெருவில் ஒரு படகு, துடுப்பின் சத்தம். ரொட்டி விற்றுக்கொண்டு போனார் ஒருவர்.

ஆறாம் நாள், புதன்

தண்ணீர் இரண்டு படி இறங்கியது, ஒரு படி ஏறியது. ஹுவே நகரத்துக்கு எடுத்திருந்த ரயில் டிக்கெட் வீண். தண்டவாளத்தில் தண்ணீர், ரயில்கள் ஓடவில்லை. ஹுவேயில் எங்களுக்காகக் காத்திருந்த அரண்மனையும் நனைந்துகொண்டிருக்கும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அரிசி நூடுல்ஸ். சீட்டாட்டத்தில் அத்தை ஏமாற்றுகிறார் என்று மகன் புகார். உண்மைதான், நானும் பார்த்தேன்.

எழுத வேறொன்றும் இல்லை.

ஏழாம் நாள், வியாழன் – தா நாங்

படகில் தெருமுனை வரை, அங்கிருந்து டிராக்டரில் மேட்டுச் சாலை வரை, பிறகு கார். கிளம்பும்போது பா அறை வாடகையில் ஒரு நாளைக் கழித்துவிட்டார். நாங்கள் மறுத்தோம். மகளிடம் இருந்த நோட்டுகள் மொத்தமும் ஈரம். பாலிமர் நோட்டு, ஒன்றும் ஆகவில்லை. துடைத்து எண்ணிக் கொடுத்தாள். இந்தப் பயணத்தில் மழைக்குத் தயாராக வந்தது அந்த நாட்டுப் பணம் ஒன்றுதான்.

மதியம் சாம் சிற்ப அருங்காட்சியகம். கூரை இருக்கிறது என்பதற்காகத்தான் நுழைந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1919-இல் திறந்தது. மி சோன், ட்ரா கியூ, டோங் டுவோங் ஆகிய இடங்களில் கிடைத்த மணற்கல் சிற்பங்கள் கூடம் கூடமாக இருக்கின்றன. நின்றபடி இருக்கும் பிள்ளையார், நடனமாடும் பெண்கள், நந்தி. அத்தை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். இரண்டு மணி நேரம் கழித்து என்னிடம், “இதெல்லாம் இருந்த கோயிலுக்கு நாம் போகவே இல்லையே” என்றார்.

என் அட்டவணையைப் பார்த்தேன். ‘மி சோன் – நேரம் இருந்தால், அரை நாள்’ என்று எழுதியிருந்தேன். கிளம்புவதற்கு முன்பு, எங்கே போக ஆசை என்று எல்லோரையும் கேட்டபோது அத்தை கேட்ட ஒரே இடம் அது.

எட்டாம் நாள், வெள்ளி – மி சோன்

சாலை திறந்துவிட்டதா என்று காலையில் ஓட்டுநர் நான்கு பேருக்குப் போன் போட்டார். ஒன்றரை மணி நேரம் என்ற பாதை மூன்று மணி நேரம் ஆயிற்று. வயல்கள் ஏரியாகக் கிடந்தன. வேலிகளில் வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. நான்காம் நூற்றாண்டில், இந்தப் பகுதியை ஆண்ட சாம் மக்களின் அரசான சம்பாவின் மன்னன் பத்ரவர்மன் இங்கே ஒரு லிங்கத்தை நிறுவி, தன் பெயரைச் சேர்த்துப் பத்ரேஸ்வரர் என்று அழைத்தான். அதன்பின் பல நூற்றாண்டுகள் செங்கல் கோபுரங்களாக எழுந்துகொண்டே இருந்தன. எழுபதுக்கு மேல் இருந்தவற்றில் எஞ்சியவை குறைவு. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இருப்பதிலேயே அழகான கோபுரம் தரைமட்டமானது. குண்டு விழுந்த பள்ளங்களில் இன்று மழைநீர் நின்றது, தவளைகள் கத்தின. இந்தியத் தொல்லியல் துறையினர் சில ஆண்டுகள் இங்கே சீரமைப்பு வேலை பார்த்தார்கள். 2020-இல் அவர்கள் தோண்டியபோது ஒரே கல்லாலான லிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

சுவரில் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே சாந்தே தெரியவில்லை. மகள் நகத்தை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. கூட்டமும் இல்லை. இந்த வாரத்தில் யார் வருவார்கள்?

பெரிய கோயில் இருந்த இடத்தில் கல் அடித்தளம் மட்டும் மிச்சம். கூரையில்லை, நடுவில் லிங்கம், அதன்மேல் நேரடியாகத் தூறல். அத்தை செருப்பைக் கழற்றினார். சேறு. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று சுற்று முடிகிறவரை பேசவில்லை. பிறகு, “அபிஷேகம் தானாகவே நடக்கிறது” என்றார். நான் அட்டவணையில் அரை நாள் ஒதுக்கியிருந்தேன். காவலர் வந்து மூடும் நேரம் என்று சொல்லும் வரை இருந்தோம்.

ஒன்பதாம் நாள், சனி – தா நாங் விமான நிலையம்

பெட்டி வந்துவிட்டது. நேற்று இரவே வந்ததாம். எங்களுக்குத் தகவல் சொல்ல அவர்கள் அழைத்த எண்ணில் ஒரு இலக்கம் தவறு. சீட்டில் எழுதியது என் கையெழுத்து.

கவுண்டருக்கு முன்னாலேயே திறந்தேன். ஐந்து குடைகள், ஐந்து மழை அங்கிகள், கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழியாமல். வெளியே வெயில் கொளுத்துகிறது, வந்ததிலிருந்து முதல் முறையாக. அத்தை அடியில் கைவிட்டு ஒரு காய்ந்த புடவையை உருவி எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, உடை மாற்றக் கிளம்பினார்.

“திரும்பும் டிக்கெட்டும் தனித்தனிதானா?” என்று என் கணவர் இப்போதுதான் கேட்கிறார். ஒன்பது நாளாக அடக்கிவைத்த கேள்வி.

ஆமாம். இந்த முறை இடைவெளி மூன்று மணி நேரம். வருகை அட்டையை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.